தூக்காமல் எழ வைப்பது எப்படி?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. கட்டிலிலிருந்து வீல்சேர், வீல்சேரிலிருந்து கமோடு, மறுபடி கட்டில் என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது ஆட்களைத் தூக்கி வைக்கிறீர்கள். இடுப்பு வலி ராத்திரி தூங்க விடுவதில்லை. போன வாரம், பக்கவாதத்தால் இடது பக்கம் பலமிழந்த ஒரு பாட்டி உங்கள் பிடியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் படவில்லை. ஆனால் அதற்கப்புறம் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார், உங்களுக்கும் அவரைத் தொடவே பயமாக இருக்கிறது. ‘சரியாகத் தூக்குவது எப்படி?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் இல்லங்களில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிற பராமரிப்பாளர்கள் எல்லோரும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். நான் அவர்களிடம் முதலில் சொல்வது, தூக்கவே தூக்காதீர்கள் என்பதுதான். கடையில் வாங்குகிற அரிசிச் சிப்பம் சுமார் 25 கிலோ. அது அசையாது, பயப்படாது, பாதி வழியில் கால் மடங்கி உங்கள் மேல் சாயாது. அதைத் தூக்கவே நாம் யோசிக்கிறோம். தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நயாஷ் வகுத்த கணக்கை வைத்துப் பார்த்தால், நோயாளியைக் கையாளும்போது ஒருவர் மேல் விழலாம் என்கிற எடை 35 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 16 கிலோதான். அதுவும் எல்லாம் சாதகமாக இருக்கும்போது. உங்கள் பாட்டி 50 கிலோ இருந்தாலே அந்த அளவைப் போல மூன்று மடங்கு. உங்கள் இடுப்பு வலிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, தூக்காவிட்டால் எப்படி? அவரை எழ வைக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள இப்போதே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, பாதங்களை முன்னால் தள்ளி வைத்து, முதுகை நிமிர்த்தியபடியே எழுந்திருக்கப் பாருங்கள். முடியாது. இப்போது ஓரத்துக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மூக்கு கால் கட்டைவிரலுக்கு மேலே வரும் அளவுக்கு முன்னால் குனியுங்கள். பின்பக்கம் தானாகவே லேசாகிவிடும், எழுவது சுலபமாக இருக்கும். உடம்பின் எடை பாதத்துக்கு மேலே வந்தால்தான் கால் அதைத் தாங்கி எழ முடியும். எழுவதற்கு உள்ள சூட்சுமம் அவ்வளவுதான், எண்பது வயதுக்கும் அது மாறாது.

நாம் என்ன செய்கிறோம்? பாட்டிக்கு எதிரில் ஒட்டி நின்றுகொள்கிறோம். அவர் குனிய இடமே இல்லை. இரண்டு கையையும் பிடித்து மேலே இழுக்கிறோம். இழுக்கப்படும் மனிதர் பயத்தில் பின்னால் சாய்வார், அது உடம்பின் இயல்பு. அவர் பின்னால் சாயச் சாய, நாம் இன்னும் பலமாக இழுக்கிறோம். அந்த இழுபறியில்தான் உங்கள் இடுப்பு போகிறது, அவர் நழுவுகிறார்.

இதைவிட மோசமான பழக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது. எல்லா இல்லங்களிலும் பார்க்கிறேன், பல ஆஸ்பத்திரிகளிலும் பார்க்கிறேன். நானும் செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போன ஒரு பெரியவரை, நானும் ஓர் ஆயாம்மாவும் ஆளுக்கொரு அக்குளில் கை விட்டு வீல்சேருக்கு மாற்றினோம். தினமும் அப்படித்தான் செய்தோம். ஒரு நாள் சாயங்காலம் சட்டை மாற்றும்போது அவர் முகம் கோணியது. கையை மெல்ல நகர்த்தினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோளின் மேல் ஒரு விரல் வைத்துப் பார்த்தால் உள்ளே பள்ளம் விழுந்திருந்தது. எலும்பு குழியிலிருந்து கீழே இறங்கியிருந்தது. பக்கவாதம் வந்த தோளைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்து கிடக்கும், மூட்டைப் பிடித்து வைக்க அங்கே பலம் இருக்காது. அந்தத் தோளை நாங்கள் தினமும் பலமுறை மேலே நெம்பியிருக்கிறோம். அவரால் ‘வலிக்கிறது’ என்று சொல்லவும் முடியவில்லை. அன்றைக்குப் பிறகு நான் யாருடைய அக்குளிலும் கை வைத்ததில்லை. நீங்களும் வைக்காதீர்கள். பாட்டியின் இடது கையைப் பிடித்து இழுப்பதும் அதே கெடுதலைத்தான் செய்யும்.

பிடிப்பதற்குச் சரியான இடம் இடுப்பு. அதற்கென்றே பெல்ட் விற்கிறார்கள், மருத்துவ உபகரணக் கடையில் ‘ட்ரான்ஸ்ஃபர் பெல்ட்’ என்று கேளுங்கள். பக்கவாட்டிலும் பின்னாலும் கைப்பிடி தைத்தது நல்லது. உடைக்கு மேலே, இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில் கட்ட வேண்டும். வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர், வயிற்றில் குழாய் உள்ளவர், விலா எலும்போ முதுகெலும்போ முறிந்தவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் பெல்ட் போடக் கூடாது. பெல்ட் இல்லாத இடங்களில் பாவாடை நாடாவையும் லுங்கி மடிப்பையும் பிடித்துத் தூக்குவதைப் பார்க்கிறேன். நாடா அவிழும், லுங்கி நழுவும், அந்த மனிதரின் மானமும் போகும். இல்லம் நடத்துபவரிடம் கேட்டு நான்கு பெல்ட் வாங்கச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. அது பிடித்துக்கொள்ளும் கைப்பிடிதான், ஆளைத் தூக்குவதற்கான கயிறு இல்லை. எழுகிறவரைச் சாயாமல் நிறுத்தவும் திசை காட்டவும் பயன்படுத்துங்கள்.

எழ வைப்பதற்கு முன், ‘இன்றைக்கு இவரால் முடியுமா?’ என்று பார்க்க வேண்டும். நேற்று நடந்தவர் இன்றைக்கு நடப்பார் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் ஒரே ராத்திரியில் கால் துவண்டுவிடும், பேச்சு குழம்பும். நான் பார்ப்பது மூன்று விஷயம். நான் சொல்வது புரிந்து ஒரு வேலையைச் செய்கிறாரா? கட்டில் ஓரத்தில் பிடிமானமில்லாமல் ஒரு நிமிஷம் உட்கார முடிகிறதா? உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை வைத்திருக்க முடிகிறதா? ஒரு பக்கம் பக்கவாதம் என்றால் நல்ல காலையாவது நீட்ட முடிய வேண்டும். இதில் எது குறைந்தாலும் நீங்கள் தனியாக எழ வைக்காதீர்கள், இன்னொருவரைக் கூப்பிடுங்கள். இரண்டு காலும் எடையே தாங்கவில்லை என்றால் எத்தனை பேர் இருந்தாலும் கையால் நிற்க வைக்கக் கூடாது. அதற்கு இயந்திரம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் தலைச்சுற்றல். படுத்திருப்பவர் சட்டென்று நின்றால் இரத்தம் காலுக்கு இறங்கிவிடும், மூளைக்குப் போவது குறையும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் பிரஷரில் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதை ஒரு கோளாறாகவே டாக்டர்கள் கணக்கிடுவார்கள். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், தூக்க மாத்திரை இவற்றில் எதைச் சாப்பிடுபவராக இருந்தாலும் இது நடக்கலாம். சர்க்கரை நோய் வெகுநாள் இருப்பவர்களுக்கும் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய் உள்ளவர்களுக்கும் அதிகம். காலையில் முதன்முதலாக எழும்போதும் வயிறு நிறையச் சாப்பிட்டு எழும்போதும் கவனம் தேவை. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது முறை ஆட்டச் சொல்லுங்கள். கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிஷம் உட்கார வையுங்கள். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுங்கள். பேசிக்கொண்டிருந்தவர் பதில் சொல்லாமல் நிறுத்தினாலோ, முகம் வெளுத்தாலோ, கொட்டாவி விட்டாலோ மறுபடி படுக்க வைத்துவிடுங்கள். அடிக்கடி இப்படி ஆனால் நர்ஸிடம் சொல்லி, படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் பாட்டியையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு இடது பக்கம் பலமில்லை, வலது பக்கம் நன்றாக இருக்கிறது. அவர் வலது பக்கமாகத்தான் எழ வேண்டும். அதற்குக் கட்டிலின் வலது ஓரம் திறந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் இன்றைக்கே திருப்பிப் போடுங்கள். கட்டில் தவறான பக்கம் கிடப்பதாலேயே வருடக்கணக்கில் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு முழங்காலையும் மடக்கச் சொல்லுங்கள், இடது காலுக்கு நீங்கள் உதவுங்கள். இடது கையை அவரே வலது கையால் எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளட்டும், உருளும்போது பின்னால் மாட்டிக்கொள்ளாது. வலது பக்கம் ஒருக்களிக்கட்டும். கால்கள் ஓரத்தைத் தாண்டிக் கீழே இறங்கும்போதே வலது முழங்கையை ஊன்றி மேலே வரட்டும். கால் இறங்கும் எடையே உடம்பை மேலே கொண்டுவரும். உங்கள் ஒரு கை அவர் தோள்பட்டைக்குப் பின்னால், இன்னொரு கை இடுப்பில். கழுத்தையோ கையையோ தொட வேண்டாம். யூரின் பேக் இருந்தால் இதற்கு முன்பே அதை எடுத்துப் போகிற பக்கம் மாட்டிவிடுங்கள். மூத்திரப்பைக்கு மேலே உயரக் கூடாது, குழாய் இழுபடக் கூடாது.

கட்டிலின் வலது ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் அவருடைய வலது கை தலைமாட்டுப் பக்கம் இருக்கும். வீல்சேரை அங்கே போடுங்கள், கட்டிலுக்குக் கொஞ்சம் சாய்வாக, 30 முதல் 45 டிகிரி. இரண்டு பிரேக்கையும் போட்டுவிட்டு ஒரு தடவை அசைத்துப் பாருங்கள், டயரில் காற்று குறைந்திருந்தால் பிரேக் போட்டும் நழுவும். கால் வைக்கும் பலகைகளைக் கழற்றி ஒதுக்குங்கள். அதில் இடித்துத்தான் கணுக்காலில் தோல் கிழிகிறது, வயதானவர்களுக்கு அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். கட்டிலின் பக்கம் உள்ள கைப்பிடி கழலுமானால் அதையும் எடுத்துவிடுங்கள். காலில் பின்வார் உள்ள செருப்பு. வெறும் சாக்ஸ் கூடாது.

உட்கார்ந்த இடத்திலிருந்து ஓரத்துக்கு வர ஒரு பக்கப் புட்டம், மறுபக்கப் புட்டம் என்று மாற்றி மாற்றி நகரச் சொல்லுங்கள். பாதம் இரண்டும் முழுதாகத் தரையில் பதிந்து முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். தரை எட்டவில்லை என்றால் கட்டில் உயரம் என்று அர்த்தம். பாட்டிக்கு இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்கிற உயரம் சரி, பாதம் தொங்கக் கூடாது.

நீங்கள் அவருக்கு நேர் எதிரில் நிற்காமல், அவருடைய இடது பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகைக் கூன் போடாமல். உங்கள் முழங்காலை அவருடைய இடது முழங்காலுக்கு முன்னால் மெல்ல முட்டுக் கொடுங்கள், அது மடங்காமல் பார்த்துக்கொள்ளும். கைகள் பெல்ட்டில். அவருடைய வலது கை கட்டிலை ஊன்றித் தள்ளட்டும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள். பாசமாகத்தான் கட்டிக்கொள்வார், ஆனால் கால் மடங்கினால் அவர் முழு எடையும் உங்கள் கழுத்தில் தொங்கும், இரண்டு பேரும் சேர்ந்து விழுவீர்கள்.

எண்ணிக்கையை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘மூன்று’ என்றதும் எழுவதா, மூன்றுக்கு அப்புறமா என்று இரண்டு பேருக்கும் வேறு வேறு எண்ணம் இருந்தால் ஒருவர் இழுக்க மற்றவர் உட்கார்ந்திருப்பார். எங்கள் இல்லத்தில் ‘ஒன்று, இரண்டு, மூன்று, எந்திரிங்க’ என்று சொல்வோம், கடைசிச் சொல்லில்தான் எழ வேண்டும். எண்ணும்போதே முன்னும் பின்னும் லேசாக ஆடி வேகம் சேர்த்துக்கொண்டால் இன்னும் சுலபம். மூக்கு கட்டைவிரலுக்கு மேலே வந்ததும் நீங்கள் பெல்ட்டை மேலே இழுக்காமல் உங்கள் பக்கமாக, முன்னோக்கிக் கொண்டு வாருங்கள். எழுந்ததும் அவசரமில்லை. மூச்சு விடட்டும், நிமிரட்டும். ‘தலை சுத்துதுங்களா?’ என்று கேளுங்கள். அப்புறம் சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பட்டும், நீங்களும் கூடவே பாதத்தை நகர்த்துங்கள். பாதம் ஓரிடத்தில் இருக்க இடுப்பை மட்டும் திருப்பினால் உங்கள் முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கலாம். இரண்டு காலின் பின்பக்கமும் வீல்சேரைத் தொட்ட பிறகு, வலது கையால் கைப்பிடியைத் தேடிப் பிடித்து, மறுபடி முன்னால் குனிந்து மெதுவாக உட்காரட்டும். பாதித் தூரத்தில் ‘பொத்’தென்று உட்காருகிறவர்களுக்கு முதுகெலும்பில் முறிவு வரக்கூடும், எலும்பு பலமிழந்து மெலிந்த பாட்டிகளுக்கு அந்தக் குலுக்கலே போதும்.

திரும்பக் கட்டிலுக்குப் போகும்போது பலர் வீல்சேரைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அப்போது கட்டில் அவருடைய இடது பக்கம், பலமில்லாத பக்கம் வந்துவிடும். வீல்சேரைக் கால்மாட்டுப் பக்கம் கொண்டுபோய், தலைமாட்டைப் பார்த்து நிறுத்துங்கள். இப்போது கட்டில் அவருடைய வலப்புறம். உங்கள் பாட்டி நழுவியது போகும்போதா, திரும்பும்போதா? திரும்பும்போது என்றால் இதுதான் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

படுக்கையில் மேலே நகர்த்துவதும் முதுகை ஒடிக்கிற வேலைதான். சறுக்குத் துணி என்று வழுவழுப்பான இரட்டை மடிப்புத் துணி கிடைக்கும். அதை அடியில் விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று, கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி நகர்த்துங்கள். அக்குளைப் பிடித்து மேலே இழுத்தால் வால் எலும்புப் பக்கத் தோல் உராய்ந்து படுக்கைப் புண்ணுக்கு வழி திறந்துவிடும். வேலை முடிந்ததும் துணியை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் அதிலேயே வழுக்கிக் கீழே வருவார்.

நிறையப் பேர் விழுவது பாத்ரூம் போகும் வழியிலும் பாத்ரூமிலும். அவசரம் முதல் காரணம். மூத்திரம் முட்டிய பிறகு கூப்பிட்டு, ஆள் வரத் தாமதமாகி, தானே எழுந்து போவார்கள். கூப்பிடும்வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை நீங்களே கேளுங்கள். எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்கும் முன்னும் கட்டாயம். ராத்திரிக்குக் கட்டில் பக்கத்தில் கமோடு சேர் போடுங்கள், சக்கரம் இருந்தால் பூட்டுங்கள். சுவரில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ விடாதீர்கள், அது சுவரோடு பெயர்ந்து வரும். எடை தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைச் சுவரில் ஆழமாக அடித்துப் பொருத்த வேண்டும். இந்தியன் டாய்லெட் இன்னும் இருக்கிற இல்லங்களில் அதன் மேல் உயர ஸ்டாண்டு வைக்கலாம். இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவர்களை மட்டும் தாழ்ந்த ஸ்டூலிலோ குத்துக்காலிலோ உட்கார வைக்கவே கூடாது. பலருக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருப்பார். அந்தச் சீட்டை வாங்கிப் படியுங்கள்.

எண்ணெய்க் குளியல் நாள் எங்களுக்கு எப்போதும் பதற்றமான நாள். தலையிலும் கால் முட்டியிலும் எண்ணெய் தேய்த்து, அது உள்ளங்கால்வரை வழிந்து, அப்படியே டைல்ஸ் தரையில் நடக்க வைப்பார்கள். ஆசையாகக் கேட்கிறார்கள், மறுக்க எனக்கு மனம் வருவதில்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். குளியலறை நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் எண்ணெய். உள்ளங்காலுக்கு எண்ணெய் கிடையாது. குளித்து முடித்துப் பாதத்தையும் தரையையும் துடைத்த பிறகுதான் எழுவது. சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி ஈரத் தரையில் காலை விரித்துக்கொண்டு சாய்ந்துவிடும், கால்களில் ரப்பர் பிடிப்பு உள்ள குளியல் நாற்காலிதான் வேண்டும்.

நடப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலமில்லாத பக்கம், அரை அடி பின்னால் நின்று கூட நடங்கள். ஒரு கை பின்னால் பெல்ட்டில், இன்னொரு கையை நீட்டி, அவர் உள்ளங்கையை உங்கள் உள்ளங்கை மேல் வைத்துக்கொள்ளட்டும். கட்டைவிரலைக் கோத்துப் பிடிக்காதீர்கள், அவர் சரிந்தால் உங்களால் கையை விடுவிக்க முடியாது. பக்கவாதக் கை என்றால் அந்தக் கையைப் பிடிக்கவே வேண்டாம். கைத்தடி நோவுக் காலுக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலோர் நோவுள்ள பக்கமே பிடிக்கிறார்கள். தடியின் உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் இடம். வாக்கர் என்றால் முதலில் வாக்கர், பிறகு நோவுக் கால், கடைசியில் நல்ல கால். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கக் கூடாது, நாற்காலிக் கையை ஊன்றித்தான் எழ வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக் கால் முதலில். தடியின் அடியில் உள்ள ரப்பர் புஷ்ஷை மாதம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள், கோடுகள் தேய்ந்து மழமழவென்று இருந்தால் மாற்றுங்கள். சேலைக் கொசுவத்தையும் நைட்டியையும் கணுக்காலுக்கு மேலே ஏற்றிவிட்ட பிறகு கிளம்புங்கள். சர்க்கரை நோயில் பாதம் மரத்தவர்களுக்குச் செருப்பு கழன்றதே தெரியாது.

பார்க்கின்சன் உள்ளவர்கள் வாசல் நிலையருகே வந்ததும் பசை போட்டு ஒட்டியதுபோல் நின்றுவிடுவார்கள். அப்போது பின்னாலிருந்து தள்ளாதீர்கள், முன்னால் இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார்கள். நில்லுங்கள், எடையை இடமும் வலமும் மாற்றி மாற்றி ஆடச் சொல்லுங்கள், ஏதாவது ஒன்றைத் தாண்டுவதுபோல் காலைத் தூக்கச் சொல்லுங்கள். எங்களிடம் இருந்த ஒரு பெரியவர், மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், அறை வாசலில் தினமும் பத்து நிமிஷம் நிற்பார். வாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓரடி இடைவெளியில் மஞ்சள் டேப் நான்கைந்து கோடு ஒட்டினேன். ‘கோட்டைத் தாண்டுங்க அப்பாரு’ என்றதும் தாண்டித் தாண்டி வெளியே வந்துவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பாட்டு அறைவரை தானே நடந்து போனார்.

மறதி நோய் உள்ளவர்களிடம் முன்பக்கமாக, கண்ணில் படும்படி போங்கள். ஒரு தடவைக்கு ஒரு சொல்: ‘உட்காருங்க.’ செய்த பிறகு அடுத்தது. நாற்காலியைத் தட்டிக் காட்டினால் வாய்ச்சொல்லைவிடச் சீக்கிரம் புரியும். மாட்டேன் என்று முரண்டு பிடித்தால் பத்து நிமிஷம் கழித்து வாருங்கள்.

எழுந்து நிற்கவே முடியாதவர்களுக்கு ஹாய்ஸ்ட் என்கிற தூக்கு இயந்திரம் இருக்கிறது. பிரிட்டனில் 1992-இல் கொண்டுவந்த விதிகளின்படி, காயம் படக்கூடிய கைத்தூக்கு வேலையை முடிந்தவரை தவிர்க்க வழி செய்வது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. அங்கே பராமரிப்பு இல்லங்களில் ஹாய்ஸ்ட் என்பது கட்டில் மாதிரி சாதாரணப் பொருள். நம் ஊரில் இன்னும் ஆடம்பரமாகப் பார்க்கிறார்கள். நாற்பது பேர் இருக்கிற இல்லத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். இரண்டு பேர் சேர்ந்து இயக்குங்கள், ஆளைத் தாங்கும் துணித் தொட்டிலான ஸ்லிங் அவருடைய உடம்பு அளவுக்குச் சரியா, தையல் பிரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

இவ்வளவும் செய்து, அப்படியும் ஒருவர் சரிகிறார் என்றால்? தாங்கிப் பிடிக்காதீர்கள். பெல்ட்டை விடாமல், ஒரு காலை முன்னால் வைத்து, உங்கள் உடம்பை ஒட்டி, தொடை வழியாக வழுக்கித் தரையில் உட்கார வையுங்கள். தலை அடிபடாமல் பார்த்தால் போதும். போன வாரம் நீங்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான், அடி படவில்லை என்கிறீர்களே. அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

விழுந்தவரை உடனே தூக்கி உட்கார வைக்கும் அவசரம்தான் பெரிய தப்பு. அப்படியே இருக்கட்டும். தலையில் அடியா, எங்கே வலி, கை கால் அசைகிறதா என்று பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம், அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எதுவும் இல்லை என்றால், ஒருக்களித்து, முட்டி போட்டு, முன்னால் ஒரு கனமான நாற்காலியில் கை ஊன்றி, நல்ல காலை முன்னால் வைத்து அவரே எழட்டும். நீங்கள் பின்னால் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து வையுங்கள். அது முடியாதவருக்கு ஹாய்ஸ்ட், அல்லது நான்கு பேர்.

உங்கள் முதுகைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலி பின்பக்கம் வழியாகக் காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ டாக்டரைப் பாருங்கள். மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போய், சிறுநீர் கட்டுப்பாடு குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக, எழவே மாட்டேன் என்கிற பாட்டி. அவர் விருப்பப்படியே படுத்திருக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. உங்கள் பாட்டிக்கு இழக்க அவ்வளவு இல்லை. ஆனால் முதல் நாளே நிற்கச் சொல்ல வேண்டாம். இரண்டு நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முன்னால் குனிந்து நிமிர்வது மட்டும், எதிரில் ஒரு ஸ்டூல் வைத்து அதில் கையை வைத்துக்கொள்ளட்டும். குனிந்தால் விழமாட்டோம் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். அடுத்த இரண்டு நாள் பின்பக்கத்தைக் கட்டிலிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி உட்காருவது, ஐந்து தடவை. கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் சுலபமாக வரும். பின்னால் கட்டில் இருக்கிறது, உட்கார்ந்தாலும் அதில்தான் உட்காருவோம் என்று அவர் தொட்டுப் பார்க்கட்டும். அதற்கப்புறம் நிற்பது, மூன்று மூச்சு விடும்வரை. அந்தச் சமயத்தில் மட்டும் நீங்கள் எண்ணாதீர்கள். ‘நீங்களே எண்ணுங்க பாட்டிம்மா, நீங்க எந்திரிக்கிறப்ப நான் கூட வர்றேன்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மூன்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை.